விட்டுப்போன புள்ளி

ரோஸ் பெல் ஊரில்
நீதிமன்றத் தாழ்வாரத்து மேசைக்கு ஒரு கால் குட்டை.
கித்தான் துண்டை மடித்து அடியில் வைத்திருந்தேன்.
மேசைக்கு இந்தப் பக்கம் முசே துவால்,
பட்டியல், மைக்கூடு,
பக்கத்தில் மொழிபெயர்க்க நான்.
அந்தப் பக்கம்
கரும்புத் தோட்டம் முழுவதும்.

சட்டம் சுருக்கம்தான்:
தன் மொழியில் ஒரு வாக்கியம் எழுதினால்
வாக்கு உண்டு.

வரிசையில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.
அதுவரை அவர்கள் பெருவிரல்கள்,
தோட்டத்துப் பதிவேட்டில் நீலம் நீலமாக.
ஆலையின் பழைய கோவேறு கழுதைக் கொட்டடியில்
மூன்று மழைக்காலம் ராத்திரி ராத்திரி எழுதிப் பழகினார்கள்.
அகரம் அவர்களிடம்
சாண வாடையோடு வந்தது.
பலகை பத்து, ஆட்கள் நாற்பது.
தையற்காரர் சவரிராயன்
துணியில் கோடு போடும் சுண்ணத்தை
ஒடித்து ஒடித்துக் கொடுத்தார்.
அது தீர்ந்த மாதம் அடுப்புச் சாம்பல்.
சாம்பலும் நனைந்த வாரம்
முன்னால் இருப்பவர் முதுகில் விரல்.

அது பள்ளிக்கூடமாகத் தொடங்கவில்லை.
சம்பளச் சனிக்கிழமை
சாராயக் கடை வாசலில் குறுக்கே உட்கார்ந்த
ஏழு பெண்கள்.
"குடித்ததற்கு மேல கணக்கெழுதுற" என்றாள் ராக்காயி.
"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் கடைக்காரன்.
அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான்
கொட்டடிக்குப் போனார்கள்.
ஆமைக்கு ஓடு, துரைக்கு ஓட்டு:
அவ்வளவுதான் அப்போது தீவின் கணக்கு.

பவளாயி முறை வந்தது.
களை வெட்டுகையில் ஆணுக்கு முழுக்கூலி,
அவளுக்கு அதில் பாதி, மேலே கொஞ்சம் சில்லறை.
பென்சிலைக் கத்திப்பிடி போலப் பிடித்தாள்.
மற்றவர்கள் எழுதியது "என் பெயர் இன்னது."
கொட்டடியில் பழக்கியது அதைத்தான்.
அவள் எழுதினாள்:

எனக்கும் அவனுக்கும் ஒரே வெயில

முசே துவால் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.
"என்ன எழுதியிருக்கிறாள்?"
தூணோரம் சிர்தார்
குச்சி மென்றபடி நின்றிருந்தான்.
அறுவடைக்கு ஆள் பொறுக்குகிறவன்.
என் வீட்டிலும் நாலு வாய்.

"இன்று வெயில் அதிகம், முசே."

"உண்மைதான்" என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.
பட்டியலில் அவள் பெயர் ஏறியது.

அவளுக்கா புரியாது?
சந்தையில் கருவாட்டுக்குக் கிரியோலில் சண்டை போடுகிறவள்.
என்னைப் பார்த்தாள்.
திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.
தாளைத் திரும்பக் கேட்டாள். பென்சிலையும்.
போட்டு உடைக்கப் போகிறாள் என்று
எனக்கு வியர்த்தது.
கடைசி எழுத்தின் தலையில்
விட்டுப்போன புள்ளியை வைத்தாள்,
தாள் ஓட்டையாகும்படி அழுத்தி.

அடுத்து ராக்காயி.
கடை வாசலில் முதலில் உட்கார்ந்தவள்.
இரண்டு எழுத்துக்குமேல் கை போகவில்லை.
முசே பொறுமையாகத்தான் காத்திருந்தார்.
ஈ ஒன்று மைக்கூட்டைச் சுற்றியது.
பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

தேர்தல் நாளில் தூறல்.
பவளாயியோடு ராக்காயியும் வந்திருந்தாள்,
குடை பிடிக்க.
வாக்குச்சாவடிப் படிவரை வந்து
அங்கேயே நின்றுகொண்டாள்.
உள்ளே போனவள் வெளியே வர
நேரமாகியது.
இருவரும் என்னைத் தாண்டிப் போனார்கள்,
சிரித்தது யார் என்று தெரியவில்லை,
குடை மறைத்தது.

கூலி சமமாகவில்லை அந்த வருடம்.
அடுத்த வருடமும் இல்லை.
அந்தத் தாள் எந்த அலமாரியில் மக்கியதோ.
என் பிரெஞ்சு நன்றாக இருந்ததாக
முசே துவால் சான்றிதழ் கொடுத்தார்,
வைத்திருக்கிறேன்.

இன்றைக்கும் பேருந்து நிறுத்தத்தில்
யாராவது சும்மா
"வெயில் அதிகம்" என்று சொன்னால்
திரும்பிக் கேட்டுவிடுகிறேன்:
யாருக்கு?